மெதுவாத்தானே வருது!



சென்ற மாதச் சுவர்ப் பத்திரிகையில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் நெல்லையப்பர் தேரைப் பற்றி எழுதியிருந்தான். நன்றாகவே எழுதியிருந்தான், படமும் அழகு. ஆனால் அதில் இரண்டு விஷயத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2024-ஆம் வருஷம் ஆனித் தேரோட்டத்தில் வடம் அறுந்ததற்குக் காரணம் இந்தக் காலத்து ஆட்களுக்குப் பலம் இல்லாததுதான் என்று எழுதியிருந்தான். அப்புறம், தேரில் பெரிய வேலை வடம் இழுப்பதுதான், பின்னால் கட்டை போடுகிறவர்கள் சும்மா கூட நடப்பவர்கள் என்றும் எழுதியிருந்தான். இதற்குப் பதில் எழுதட்டுமா என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். "எழுது, ஆனா கோவப்படாம எழுது" என்றார்கள். முயற்சி செய்கிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது. இரண்டு சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கிறேன், பொறுமையாக வாசிக்கவும்.

முதலில் நிலைமம். நான் பரீட்சையில் இதை "நிலைமை" என்று எழுதி ஒரு மார்க் போனது. நிலைமம் என்றால், ஒரு பொருள் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கப் பார்ப்பது. நின்றால் நிற்கப் பார்க்கும். ஓடினால் அதே திசையில் அதே வேகத்தில் ஓடப் பார்க்கும். வெளியே இருந்து ஒரு விசை வந்து மாற்றினால்தான் மாறும். இதை நியூட்டன் 1687-இல் தன் புத்தகத்தில் முதல் விதியாக வைத்தார். அவருக்கு முன்னாலேயே இத்தாலியில் கலிலியோ சாய்ந்த பலகையில் குண்டுகளை உருட்டி உருட்டிப் பார்த்து ஏறக்குறைய இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

எந்தப் பொருளுக்கு நிலைமம் அதிகம்? எதற்கு நிறை அதிகமோ அதற்குத்தான். அவ்வளவுதான் பாடம். நாலு வரி. நானும் மனப்பாடம் பண்ணி ஒப்பித்துவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் ஒன்று நடந்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் தேர்.

ஒரு தடவை எங்க ஆச்சி கூட டவுனுக்குத் தேர் பார்க்கப் போயிருந்தேன். ஆனி மாதம் அன்றைக்கு ஐந்து தேர் ஓடும். பிள்ளையார், முருகன், சுவாமி, காந்திமதி அம்மன், சண்டிகேஸ்வரர். இதில் சுவாமி தேர்தான் பெரிசு. 450 டன் என்று பேப்பரில் போடுகிறார்கள். 450 டன் என்றால் 4,50,000 கிலோ. ஆட்கள் நிறைந்த டவுன் பஸ் ஏறக்குறைய 15 டன் இருக்கும். அப்படியானால் முப்பது பஸ்ஸை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு தேர். இதை ஜனங்கள் கையால் இழுக்கிறார்கள்.

முதலில் அது அசையவே அசையாது. வடம் விறைத்து நிற்கும், எல்லோரும் சத்தம் போடுவார்கள், தேர் அப்படியே இருக்கும். "சாமிக்கு மனசு வரலை" என்று ஆச்சி சொன்னார்கள். நான் ஆச்சியிடம் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் பின்சக்கரத்துப் பக்கம் பார்த்தேன். சில பேர் நீளமான கனத்த மரத்தடிகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தார்கள். தடி போடுவது என்று இதற்குப் பேர். முன்னால் வடம் இழுக்கிற அதே நேரத்தில் பின்னால் தடி நெம்பினால்தான் தேர் "கிறீச்" என்று ஒரு முழம் நகரும்.

இங்கேதான் தம்பிக்கு என் முதல் பதில். டீச்சர் எங்களுக்கு ஒரு சோதனை செய்து காட்டினார்கள். ஒரு கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கல்லுக்குக் கீழேயும் அதே நூலைக் கட்டினார்கள். கீழ் நூலை மெதுவாக இழுத்தால் மேல் நூல் அறுந்தது. வெடுக்கென்று இழுத்தால் கீழ் நூல்தான் அறுந்தது, கல் அசையக்கூட இல்லை. ஏன்? மெதுவாக இழுத்தால் கல்லின் எடையும் நம் இழுப்பும் சேர்ந்து மேல் நூலுக்கு வருகிறது. வெடுக்கென்று இழுக்கும்போது கல் தன் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. அது நகர்ந்து மேல் நூலை இழுப்பதற்குள் கீழ் நூலின் கதை முடிந்துவிடுகிறது.

தேருக்கும் வடத்துக்கும் அதே கதைதான். வடம் தொய்ந்து இருக்கும்போது ஆயிரம் பேர் ஒரே ஆவேசமாக ஓடி இழுத்தால், 450 டன் உடனே வருமா? வராது. அந்த வெட்டு முழுவதையும் வடம்தான் வாங்கும். ஆகையால் வடம் அறுந்தது என்றால் பலம் இல்லை என்று அர்த்தம் கிடையாது. பலம் இல்லாதவர்கள் இழுத்தால் வடம் அறுக்காது தம்பி, தேர்தான் நகராது! அவ்வளவு நிறைக்கு முன்னால் வெடுக்கென்று இழுப்பதைவிட, வடத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு ஒன்றாகச் சேர்ந்து அழுத்தி இழுப்பதுதான் வேலைக்கு ஆகும். தடி போடுகிறவர்கள் வடத்துக்கு வருகிற பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கள் வாங்கிக்கொள்கிறார்கள்.

இனி எங்கள் வீட்டு விஷயம்.

எங்க அப்பா வாழைத்தார் ஏற்றுகிற வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் ஊர் சேரன்மகாதேவிப் பக்கம், ஆற்றுப் பாசனம், எங்கே பார்த்தாலும் வயலும் வாழையும்தான். தாரை வெட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து டிராக்டரில் ஏற்றி, ரோட்டில் நிற்கிற லாரிக்குக் கொண்டுபோவார்கள். போன வருஷம் கார்த்திகை மாதம் வாய்க்கால் கரையில் டிராக்டரை நிறுத்தி ஏற்றியிருக்கிறார்கள். சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு செங்கல் துண்டு. அது நொறுங்கிவிட்டது. டிராக்டர் பின்பக்கமாக மெதுவாக உருள ஆரம்பித்தது. எங்க அப்பா ஓடிப்போய் டிரெய்லரின் பின்பலகையில் இரண்டு கையையும் கொடுத்துத் தள்ளி நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள். அது நிற்கவில்லை. இடது பாதத்தின் மேல் சக்கரம் ஏறிவிட்டது.

மூன்று மாதம் வேலை கிடையாது. அம்மா பீடி சுற்றித்தான் வீடு ஓடியது. நானும் லீவு நாளில் இலை வெட்டிக் கொடுத்தேன். அதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை. "மெதுவாத்தானே உருண்டுச்சு, அதைப் பிடிக்க முடியலையா?" "நல்லா காலை ஊன்றிப் பிடிச்சிருந்தா நின்னுருக்கும்." ஒருவர் சிரித்துக்கொண்டே, "சோறு தின்னுட்டுப் போயிருக்க மாட்டான்" என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். அன்று டிரெய்லரில் 200 தார். ஒரு தார் சராசரி 12½ கிலோ என்றால் 2,500 கிலோ. டிரெய்லர் 1,500 கிலோ, டிராக்டர் 2,000 கிலோ என்று வைத்துக்கொண்டேன். மொத்தம் 6,000 கிலோ. மெதுவாக என்றால் விநாடிக்கு அரை மீட்டர் என்று வைப்போம், நாம் நடப்பதைவிடக் குறைவு. நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். 6,000 × ½ = 3,000. ஒரு ஆள் மூச்சைப் பிடித்துத் தள்ளினால் 30 கிலோவைத் தூக்குகிற அளவு விசை, அதாவது ஏறக்குறைய 300 நியூட்டன் கொடுக்கலாம். 3,000-ஐ 300-ஆல் வகுத்தால் 10. சமதரையிலேயே அதை ஒரு ஆள் நிறுத்தப் பத்து விநாடி ஆகும். அதற்குள் அது இரண்டரை மீட்டர் வந்துவிடும். அப்பாவுக்குப் பின்னால் மதகுச் சுவருக்கு அவ்வளவு இடமே இல்லை.

டீச்சரிடம் நோட்டைக் காட்டினேன். அவர்கள் பார்த்துவிட்டு, "சரிவை விட்டுட்டியே" என்றார்கள். ஐம்பது அடிக்கு ஒரு அடி இறங்குகிற சரிவு கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்தச் சரிவில் 6,000 கிலோவைப் பூமி கீழே இழுக்கிற விசை 1,100 நியூட்டனுக்கு மேல் வரும். டயரின் உராய்வு அதில் கொஞ்சத்தைத் தின்றாலும் மிச்சம் ஒரு ஆளின் தள்ளலைவிட அதிகம்தான். அப்படியானால் அப்பா தள்ளத் தள்ள அதன் வேகம் கூடத்தான் செய்திருக்கும், குறையாது. பயில்வானாக இருந்தாலும் முடியாது. "சோறு தின்னுட்டுப் போயிருக்க மாட்டான்" என்று சொன்னவரும் முடியாது. இதை நான் இங்கே எழுதி ஒட்டவேண்டும் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில பேர் கேட்கலாம், கனம் என்பது கீழே அழுத்துவதுதானே, உருளுகிற பொருளுக்கு என்ன கனம் என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எடை வேறு, நிறை வேறு என்று எழுதுவோம், ஆனால் கடையில் இரண்டுக்கும் ஒரே தராசு! இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரே மாதிரி இரண்டு சாக்கு எடுத்தேன். ஒன்றில் உமி, ஒன்றில் நெல். உமிச்சாக்கு 8 கிலோ, நெல் சாக்கு 40 கிலோ. இரண்டையும் கிணற்றுக் கயிற்றால் வேப்பமரக் கொம்பில் கட்டித் தொங்கவிட்டோம். எடையை எல்லாம் இப்போது கயிறுதான் சுமக்கிறது, நாம் ஒரு கிலோகூடச் சுமக்கவில்லை. பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தால்? உமிச்சாக்கு ஒரு விரலுக்கு ஓடியது. நெல் சாக்கு இரண்டு கையால் தள்ளியும் யோசித்து யோசித்துத்தான் கிளம்பியது. அந்த யோசனைதான் நிலைமம். திரும்பி வரும்போது என் தம்பி வீரமாக நெஞ்சைக் கொடுத்து நிறுத்தப் போனான். அவனையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய் உட்காரவைத்தது. வேகம் ஒன்றும் இல்லை, ஆடி அசைந்துதான் வந்தது.

திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா சொன்னார்கள், "அப்படித்தாம்ட்டி வந்துச்சு. அதே மாதிரித்தான்."

(விண்வெளியில் எடை தெரியாது. அங்கே ஆட்களின் நிறையை எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? 1973-இல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்தில், ஸ்பிரிங் வைத்த நாற்காலியில் ஆளை உட்காரவைத்து ஆட்டிப் பார்த்தார்கள். மெதுவாக ஆடினால் நிறை அதிகம். எங்கள் வேப்பமரச் சாக்கும் அதுவும் சொந்தக்காரர்கள்தான்.)

இப்போது ஒரு நியாயமான கேள்வி. என் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான், "வடத்தை விட்டா தேர் நின்னுருதே, ஓடுற பொருள் ஓடிக்கிட்டே இருக்கும்னு சொன்னீயே, எங்கே ஓடுது?" நல்ல கேள்விதான். பழைய காலத்துக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தார், தள்ளிக்கொண்டே இருந்தால்தான் பொருள் ஓடும் என்று. ரொம்ப நாள் எல்லோரும் அதையே நம்பினார்கள். தேரை நிறுத்துவது தேர் இல்லை, உராய்வு. அவ்வளவு கனம் அச்சில் உட்கார்ந்து தேய்க்கிறது, சக்கரம் தரையில் அழுந்துகிறது. அதனால் இழுப்பை விட்டதும் தேரின் ஓட்டத்தை உராய்வு தின்றுவிடுகிறது.

இதை யோசித்தபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இதுதான். தேருக்கு உராய்வு அதிகம், விட்டால் தானே நிற்கும். அப்படி இருந்தும் அதற்குக் கட்டை போட ஆள் வைத்திருக்கிறார்கள். சக்கரத்தைத் தடுக்கக் கட்டை, திருப்பத்தில் திருப்பக் கட்டை. நேராகப் போகிற 450 டன் ரதவீதி முக்கில் தானாகத் திரும்பாது, அது நேராகவே போகப் பார்க்கும். சக்கரத்துக்கு முன்னால் சறுக்குக்கட்டை போட்டுப் போட்டுத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து அந்த வேலையைச் செய்கிறவர்களைத்தான் தம்பி "சும்மா கூட நடப்பவர்கள்" என்று எழுதியிருக்கிறான்.

தேர் அரை மீட்டர் வேகத்தில் போனால் அதன் உந்தம் 4,50,000 × ½ = 2,25,000. 15 டன் பஸ் மணிக்கு 54 கிலோமீட்டரில், அதாவது விநாடிக்கு 15 மீட்டரில் போனால் 15,000 × 15 = 2,25,000. இரண்டும் ஒன்றே! எனக்கே நம்ப முடியாமல் மூன்று தடவை பெருக்கிப் பார்த்தேன். ஒரே விசையால் நிறுத்தினால் பஸ் நிற்க எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் தேருக்கும் வேண்டும். (இடித்தால் நொறுக்குவது பஸ்தான் அதிகம், அது ஆற்றல் கணக்கு, அதையும் எழுது என்று டீச்சர் சொன்னார்கள். எழுதிவிட்டேன்.) ஓடி வருகிற பஸ்ஸுக்கு முன்னால் நாம் கை நீட்டி நிற்போமா? ஆனால் மெதுவாக வருவதற்கு முன்னால் நிற்கிறோம். நம் கண் வேகத்தைப் பார்க்கிறது, நிறையைப் பார்ப்பதில்லை.

டிராக்டரில் என்ன ஆகிவிட்டது? ரப்பர் டயர், உள்ளே பேரிங்கு. உராய்வைக் குறைத்துவிட்டோம், அதனால் டீசல் மிச்சம், நல்லதுதான். ஆனால் நிறையை யாரும் குறைக்கவில்லை. தேர் தானாக நின்றுவிடுகிற இடத்தில் டிராக்டர் உருண்டுகொண்டே போகும். அப்படியானால் கட்டை யாருக்கு அதிகம் வேண்டும்? டிராக்டருக்குத்தானே! அங்கே இருப்பது செங்கல் துண்டு.

நிறுத்துவதைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கிளப்புவதற்குத்தான் கைதட்டு. 2023 ஜூலை 14-இல் சந்திரயான் 3 போனபோது நம் பள்ளியில் எல்லோரும் கைதட்டினோம். அந்த ராக்கெட் 640 டன், தேரைவிடக் கனம். அந்த வகை ராக்கெட்டின் எஞ்சின்களை நம்ம மாவட்டத்து மகேந்திரகிரியில்தான் சோதிக்கிறார்கள், எனக்கும் பெருமைதான். ஆனால் ராக்கெட்டைக் கையால் பிடித்து நிறுத்தும் நிலைமை நம் யாருக்கும் வரப்போவதில்லை. டிராக்டர், மாட்டுவண்டி, தண்ணீர் லாரி, மினிபஸ் இவைதான் நமக்கு வரும்.

ஆகவே என் கருத்து, பாரம் ஏற்றுகிற எந்த வண்டியாக இருந்தாலும் ஏற்றுவதற்கு முன்னாலேயே கட்டை போடவேண்டும். முன்னால் என்பது முக்கியம். நிற்கும்போது வண்டிக்கு உந்தம் இல்லை, சரிவின் இழுப்பை மட்டும் தாங்கினால் போதும், ஒரு சாண் கட்டை தாங்கும். உருள ஆரம்பித்த பிறகு அதே கட்டையைத் தூக்கிப் போட்டால் ஏறிக் குதித்துவிடும். கட்டையும் செங்கல் மாதிரி நொறுங்காமல், முக்கோணமாக, டயரை ஒட்டி இருக்கவேண்டும். வண்டி உருண்டால் விலகு, பிடிக்கப் போகாதே. வண்டி போனால் வாங்கலாம். இதில் எங்க அப்பா செய்ததும் தப்புதான், அவர்களிடமே சொல்லிவிட்டேன். "வாழைத்தார் அடுத்தவங்களோடதுட்டி, விட முடியுமா" என்றார்கள். என்னால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

நம் பள்ளிப் பையன்களுக்கும் ஒன்று. சாயங்காலம் வைக்கோல் டிராக்டர் பின்னால் ஓடித் தொங்குகிறீர்கள். "மெதுவாத்தானே போகுது" என்று நீங்களும் சொல்கிறீர்கள். டிரைவர் பிரேக் போட்டால் டிரெய்லர் நிற்கும், உங்கள் உடம்பு நிற்காது, உங்களுக்கும் நிலைமம் உண்டு. பார்க்கிற யாராவது தலைமையாசிரியரிடம் சொல்லிக்கொடுத்தால் என்மேல் கோபப்படக் கூடாது.

கால் சரியாகிற வரைக்கும் அப்பா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வேலமரத் துண்டில் அரிவாளால் செதுக்கி இரண்டு முக்கோணக் கட்டை செய்தார்கள். கயிறு கோக்க ஓட்டையும் போட்டார்கள். இப்போது வேலைக்குப் போகும்போது தூக்குச்சட்டியோடு அதையும் சாக்குப் பையில் எடுத்துப் போகிறார்கள். முதல் நாள் எல்லோரும் கேலி செய்தார்களாம். போன வாரம் அதில் ஒன்றைக் காணோம், டீ போட யாரோ அடுப்பில் வைத்துவிட்டார்கள். ஒரு கட்டை பத்தாது, இரண்டு சக்கரத்துக்கும் வேண்டும். யார் வீட்டிலாவது ஒரு சாண் நீளத்தில் வேலமரத் துண்டோ புளியமரத் துண்டோ கிடந்தால் ஒன்பதாம் வகுப்புக்குக் கொண்டுவந்து கொடுங்கள். வெடிப்பு இல்லாததாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி